‘இரட்டை’ என்று சீட்டில் எழுதுவது குறித்து

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ‘ஜப்பான் இரட்டை’ (குறிப்பிட்ட கோணத்தில் சேர்ந்து வளர்ந்த இரண்டு படிகங்கள்) என்று சீட்டு ஒட்டி நாங்கள் விற்ற குவார்ட்ஸ் கல் ஒன்றை, வாங்கியவர் வீட்டில் கோணமானி வைத்து அளந்திருக்கிறார். “எண்பது பாகைகூட வரவில்லையே?” என்று கேட்டு எழுதினார். அவர் சொன்னதுதான் சரி. பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்து தற்செயலாக ஒட்டிக்கொண்ட இரண்டு படிகங்களை இரட்டை என்று விற்றுவிட்டோம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. இனி அந்தச் சொல்லை எப்போது எழுதுவோம் என்று உங்களுக்கும் சொல்லிவிடுகிறோம்.

இரண்டு படிகம் ஒட்டியிருந்தாலே இரட்டை ஆகிவிடாது. இரட்டையில் ஒன்றின் அணு அடுக்கு மற்றதன் கண்ணாடிப் பிம்பம் போலவோ, ஓர் அச்சில் திருப்பி வைத்தது போலவோ இருக்கும். அதனால் ஒரு வகை இரட்டைக்கு ஒரே கோணம்தான், கல் எந்த நாட்டில் கிடைத்தாலும் சரி. ஜப்பான் இரட்டையில் இரு படிகங்களின் நீள அச்சுகளுக்கு இடையே 84 பாகை 33 நிமிடம். (பெயர்தான் ஜப்பான். முதலில் விவரிக்கப்பட்டது பிரான்சின் லா கார்டெட் கல். பிறகு யமனாஷியின் ஒட்டோமே சுரங்கத்தில் நல்ல கற்கள் நிறையக் கிடைக்கவே, பெயர் அங்கே போய் ஒட்டிக்கொண்டது.)

கோணம் மட்டும் பார்த்தாலும் ஏமாறலாம், தற்செயலாகவும் 84 வரும். கல்லை மேசை விளக்கின் கீழே மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். உண்மையான ஜப்பான் இரட்டையில் சிறகுகள் போல விரியும் இரண்டு படிகங்களின் தட்டையான முகங்களும் ஒரே தளத்தில் இருப்பதால், இரண்டும் ஒரே நொடியில் பளிச்சென்று மின்னும். ஒன்று மின்னி அடுத்தது இருட்டாக இருந்தால் சந்தேகம்தான். அப்புறம், லென்ஸ் வைத்தால் அந்த முகங்களில் குறுக்கே மெல்லிய வரிகள் தெரியும். இரு பக்க வரிகளும் படிகங்கள் இணையும் நடுக்கோட்டில் மீன்முள் போல வந்து சேரும். எங்கள் தவறான கல்லில் இரண்டுமே இல்லை. பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

ஸ்டாரோலைட் என்ற கனிமத்தின் சிலுவை வடிவ இரட்டைகளில் சிக்கல் வேறு. இயற்கையில் 60 பாகையில் சாய்ந்த சிலுவைதான் அதிகம், 90 பாகை நேர்ச் சிலுவை குறைவு. எல்லோரும் கேட்பது நேர்ச் சிலுவை என்பதால் மென்கல்லில் செதுக்கிச் சாயமேற்றியும் விற்கிறார்கள். அசல் கல்லை எஃகுக் கத்தி கீறாது, செதுக்கியது பொடியாக உதிரும். ரொம்ப ஒழுங்காக இருக்கும் சிலுவையை நாங்கள் முதலில் நம்புவதில்லை.

ஜிப்சத்தின் தகைவிலான் குருவியின் பிளந்த வால் போன்ற இரட்டையை அடையாளம் காண்பது சுலபம், வைத்துக் காப்பதுதான் கஷ்டம். நகம் பட்டாலே கோடு விழும். தயவுசெய்து தண்ணீரில் கழுவாதீர்கள், மென்மையான தூரிகை போதும்.

டோஃபினே என்ற இன்னொரு வகை இரட்டை குவார்ட்ஸில் சாதாரணம், ஆனால் பெரும்பாலும் வெளியே தெரியாது. அதை அரிய கல் என்று நாங்கள் சீட்டில் எழுத மாட்டோம்.

உடைந்து ஒட்டிய கல்லானால் ‘ஒட்டியது’ என்றே இனி எழுதுவோம். பல பசைகள் புற ஊதா விளக்கில் வெளுத்து ஒளிரும்; ஒளிராததும் உண்டு, அதற்கு லென்ஸ்தான்.

எங்களிடம் முன்பு வாங்கிய ஜப்பான் இரட்டை உங்களிடம் இருந்தால் விளக்கடியில் ஒருமுறை சாய்த்துப் பாருங்கள். சந்தேகம் வந்தால் தட்டையான முகத்துக்கு நேர் மேலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். சாய்வாக எடுத்தால் கோணம் மாறித் தெரியும். தவறு எங்களுடையதானால் கல்லைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
கடைக்காரர்கள்