ஆத்திசூடியை ஒப்பித்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளியில் நீதிபோதனை வகுப்பை மறுபடி கொண்டுவர வேண்டும் என்று வாசகர்கள் எழுதும் கடிதங்களை உங்கள் இதழில் பார்க்கிறேன். எங்கள் காலத்தில் அந்த வகுப்பு இருந்தது. பாதி நாள் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார், மீதி நாள் 'பொய் சொல்லாதே' என்று ஒரு கதையைக் கேட்டுவிட்டு வெளியே வந்து பொய் சொல்வோம்.

ஆத்திசூடி இருக்கும்போது தனி வகுப்பு எதற்கு? 'அ' எழுதப் பழகும்போதே அறம் செய விரும்பு. ஆய்த எழுத்தைக்கூட விடாமல் 'அஃகஞ் சுருக்கேல்', அதாவது தானியத்தை அளவு குறைத்து விற்காதே என்று ஔவை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நான் மளிகைக் கடைக்காரன், இந்த வரி எனக்குச் சுடும். ஒரு நாள் பருப்பு நிறுக்கும்போது, மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி, "தாத்தா, தட்டுல புளி ஒட்டியிருக்கு, அதுவும் சேர்ந்துதானே எடை காட்டும்?" என்றாள், வாங்க வந்தவர் முன்னாலேயே. சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி நிறுத்தேன். பத்து கிராம்கூட இருக்காது, சரி, ஆனாலும் முகம் சுருங்கித்தான் போனது.

அவளே இன்னொரு கேள்வி கேட்டாள். 'ஏற்பது இகழ்ச்சி' என்ற வரிக்கு அடுத்ததே 'ஐயம் இட்டு உண்', அதாவது கேட்டு வருபவருக்குக் கொடுத்துவிட்டுச் சாப்பிடு. வாங்குவது கேவலம் என்றால், நாம் கொடுப்பதால்தானே அவங்க கேவலப்படுறாங்க, அப்போ கொடுக்கலாமா கூடாதா? எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வகுப்பிலும் கேட்டிருக்கிறாள், 'பொருள் எழுதினால் மார்க், அது போதும்' என்று முடித்துவிட்டார்களாம். டீச்சரைக் குறை சொல்ல மாட்டேன், அத்தனை பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? ஆனால் அன்றைக்கு நடத்த வேண்டிய பாடமே அந்தக் கேள்விதான்.

எதிர்த்துப் பேசுவது ஔவைக்கு அவமரியாதை இல்லை. அவர் 'ஆறுவது சினம்' என்றார், பாரதி தன் புதிய ஆத்திசூடியில் 'ரௌத்திரம் பழகு' என்றார். 'தையல்சொல் கேளேல்', அதாவது பெண் சொல்லைக் கேட்காதே என்பதற்கு 'தையலை உயர்வு செய்' என்றே நேராகப் பதில் எழுதினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்து, கோபம் எப்போது அடங்க வேண்டும், எப்போது வர வேண்டும் என்று பிள்ளைகளைப் பேச விட்டால் என்ன?

ஒரு வேண்டுகோள். என் பேத்தியின் கேள்வியை உங்கள் சிறுவர் பக்கத்தில் போடுங்கள், பதிலையும் பிள்ளைகளே எழுதட்டும். பெரியவர்கள் எழுதிக் கொடுத்தால் கையெழுத்திலேயே தெரிந்துவிடும்.

அன்புடன்,
ஒரு மளிகைக் கடைக்காரர்,
விருதுநகர்