கரை சேர்ந்த பிறகும் அடங்காத படபடப்பு: மீனவர் சங்கப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ராமேசுவரம், பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் தொடங்கித் தொண்டி வரையிலான கரையில் இயங்கும் விசைப்படகு, நாட்டுப்படகு மீனவர் சங்கங்களின் பொறுப்பாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஒரு படகு இலங்கைக் கடற்படையால் சிறைபிடிக்கப்பட்டால் அன்றைக்கே கூடி வேலைநிறுத்தம் அறிவிக்கவும், டீசல் மானியத்துக்கும் மீன்பிடித் தடைக்கால நிவாரணத்துக்கும் ஆட்சியர் அலுவலகம் வரை சென்று வாதாடவும் நீங்கள் தயங்கியதில்லை. அதே அக்கறையோடு, நம் குடும்பங்களை உள்ளிருந்து அரிக்கும் மன அழுத்தத்தையும் சங்கத்தின் பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன். இக்கரையில் கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான்.

மனது சரியில்லை என்று சொல்லிக்கொண்டு யாரும் எங்களிடம் வந்ததில்லை. தலைவலி, வயிற்றெரிச்சல், கழுத்துப் பிடிப்பு, நெஞ்சுப் படபடப்பு என்றுதான் வருவார்கள். ஊசி போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். நெஞ்சுவலி என்றால் முதலில் இதயத்தைத்தான் பரிசோதிக்க வேண்டும், அதில் சமரசமே கூடாது. ஆனால் எல்லாப் பரிசோதனையும் சரியாக இருந்தும் வலி விடாதபோது, பொறுமையாக உட்கார்ந்து கேட்டால், வட்டிக்காரர் வாசலில் வந்து நின்றதும், கடலுக்குப் போன மகனின் கைபேசி விடியும்வரை அணைந்தே கிடந்ததும் ஒவ்வொன்றாக வெளிவரும்.

ஆபத்தை உணர்ந்ததும் அட்ரினலின், கார்டிசால் போன்ற சுரப்புகள் பெருகி, இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறி, உடல் ஓடவோ எதிர்க்கவோ ஆயத்தமாகிறது. இது நோயன்று, நடுக்கடலில் காற்று மாறும்போது உயிரைக் காப்பதே இந்த ஆயத்தம்தான். பாம்பனில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டைப் போன்றது இது: ஏற்ற வேண்டிய நேரத்தில் ஏற்றத்தான் வேண்டும், ஆனால் இறக்காமலே விட்டால் தொழில் படுத்துவிடும். வாரக்கணக்கில் அந்த நிலையிலேயே இருக்கும் உடலில் தூக்கம் கெடுகிறது, எரிச்சல் கூடுகிறது, ஏற்கெனவே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு அவை கட்டுக்கடங்காமல் போகின்றன.

நம் கரையில் இதை மிகவும் மோசமாக்குவது நிச்சயமின்மை. பிடிபட்டவரின் காவல் ஒவ்வொரு தவணையாக நீட்டிக்கப்படும்போதும், இரண்டாம் முறை பிடிபட்டால் சிறைத்தண்டனை என்ற பேச்சு ஊரில் பரவும்போதும், அந்த வீட்டுப் பெண் இலங்கையின் மன்னார் நீதிமன்றத்தில் என்ன நடந்தது என்பதை யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் குரல்பதிவிலிருந்து தெரிந்துகொள்கிறாள். ஒரே பதிவு நான்கு விதமாகத் திரிந்து வருகிறது. வாரத் தவணை கட்டவேண்டிய மகளிர் குழுக் கடனும் அவள் தலையிலேயே இருக்கிறது. பாசி எடுக்கப் போகும் பெண்ணாக இருந்தால், தூங்காத கண்ணோடு மறுநாள் கடலுக்குள் மூழ்கவும் வேண்டும்.

ஆண்களில் பலர் இதற்கு மருந்தாகக் கருதுவது மதுவை. குடித்தால் விரைவில் தூக்கம் வருவது உண்மைதான். ஆனால் அந்தத் தூக்கம் நடு இரவில் கலைந்துவிடுகிறது, மறுநாள் படபடப்பு முன்னிலும் கூடுகிறது, கையில் இருந்த காசும் போய்விடுகிறது. அதற்குப் பதிலாக எளிதில் செய்யக்கூடியவை உண்டு. மூக்கால் மூச்சை இழுத்து, இழுத்த நேரத்தைவிடக் கூடுதல் நேரம் எடுத்து மெல்ல வெளியே விடுவதைச் சில நிமிடங்கள் தொடர்ந்தால் இதயத் துடிப்பு தணியும். கடலுக்குப் போகாத நாட்களிலாவது ஒரே நேரத்தில் படுத்து எழுவதும், மாலைக்கு மேல் தேநீரைக் குறைப்பதும் தூக்கத்தைத் திருப்பித் தரும். நாலைந்து பேர் சேர்ந்து உட்கார்ந்து வலை சரிசெய்யும்போது, கை வேலை செய்ய வாய் தானாகப் பேசத் தொடங்குவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். முகத்துக்கு முகம் பார்த்துச் சொல்லக் கூசுவதை மனிதர்கள் வலையைப் பார்த்தபடி சொல்லிவிடுகிறார்கள்.

இருந்தாலும் மூச்சுப் பயிற்சி கடனை அடைக்காது, படகை மீட்டுத் தராது. காரணம் வெளியில் இருக்கும்போது, மனத்தைத் திடப்படுத்திக்கொள் என்று தனி ஆளிடம் சொல்லி ஒதுங்குவது நியாயமாகாது. அதனால்தான் மருத்துவமனையிடம் மட்டும் கேட்காமல் உங்களிடமும் கேட்கிறேன்.

ஒருவர் பிடிபட்டார் என்ற செய்தி உறுதியானதும், சங்கத்திலிருந்து பொறுப்பான ஒருவர் அந்த வீட்டுக்கு நேரில் சென்று, தெரிந்ததைத் தெரிந்தது என்றும் தெரியாததைத் தெரியவில்லை என்றும் சொல்லட்டும். ஒவ்வொரு நீதிமன்றத் தவணைக்குப் பிறகும் அவரே மீண்டும் செல்லட்டும். இதற்குப் பெரிய செலவில்லை, ஆனால் அந்த வீட்டின் இரவுகளை இது மாற்றிவிடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளர்கள் கரையிலேயே இருப்பார்கள். வருமானமும் நின்று கைகளும் சும்மா இருக்கும் அந்த நாட்களில், மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரையும் ஆலோசகரையும் இறங்குதளத்துக்கே வரவழையுங்கள். பெண்களுக்குத் தனியாக, அவர்களுக்கு வசதியான நேரத்தில் இடம் ஒதுக்குங்கள். அழைப்பில் மனநல முகாம் என்று மட்டும் போட்டால் கூட்டம் வராது என்பதை அனுபவத்தில் சொல்கிறேன். இரத்த அழுத்தம், சர்க்கரைப் பரிசோதனையோடு சேர்த்து நடத்துங்கள்.

மனநலம் என்றதும் நம் மாவட்டத்தில் ஏர்வாடியை நினைத்து அஞ்சுகிறார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டதை நாம் மறக்க முடியாது. ஆனால் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்திருக்கிறது. அரசின் சிகிச்சையைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆலோசகரிடம் பேசுவதால் யாரும் பைத்தியக்காரர் ஆகிவிடுவதில்லை என்பதை நாங்கள் சொல்வதைவிட, கடலில் முப்பது வருடம் தொழில் பார்த்த தலைவர் ஒருவர் மேடையில் சொன்னால் இளைஞர்கள் கேட்பார்கள்.

வாழவே பிடிக்கவில்லை என்று யாராவது சொன்னால் அதைக் குடிபோதைப் பேச்சென்று தள்ளாமல், அவரைத் தனியே விடாமல் உடனிருந்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416 இரவும் பகலும் இலவசமாக இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். அந்த எண்ணைக் கடலுக்குச் செல்ல டோக்கன் வழங்கும் இடத்திலும் ஏலக்கூடத்திலும் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

அடுத்த தடைக்காலத்துக்கு முன் கூடும் உங்கள் பொதுக்கூட்டத்தில் இவற்றை ஒரு தீர்மானமாக வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வீடுகளுக்குச் செல்வோருக்குப் பயிற்சி தேவைப்பட்டால், என்னைப் போன்ற ஓய்வு பெற்ற செவிலியர்கள் உடன் வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
தங்கச்சிமடம்