தலைக்காவிரியிலிருந்து உங்கள் ஊர் வரை

கும்பகோணம்,
5-8-2024

அன்புள்ள வாசுகி,

நலம். அங்கே எல்லோரும் நலம் என்று உன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸே சொல்கிறது, அதனால் விசாரிப்பை இத்தோடு முடித்துக்கொள்கிறேன். உன் அப்பாவைப் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் போன வழியை விட்டுவிட்டு அதை மட்டும் சொன்னால் உனக்குப் பாதிதான் விளங்கும். எந்தக் கதையையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறவள் நீ. இதையாவது வரிசையாகப் படி.

காவிரியைத் தலையிலிருந்து கால் வரை பார்க்கணும் என்று விடுதி மொட்டை மாடியில் மூன்று பேரும் திட்டம் போட்டோமே. நீ கடல் தாண்டிப் போய்விட்டாய், டீச்சரம்மா இன்னும் லீவுக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். ஜூலை கடைசியில் குடகில் மழை பிடித்துவிட்டது என்று செய்தி வந்ததும் நான் தனியாகவே வண்டியை எடுத்துவிட்டேன். அதே பழைய வேகன் ஆர்தான். வைப்பர் மட்டும் புதிது.

குடகு மழைக்கு இடைவேளையே கிடையாது வாசு. நம்மூர் ஐப்பசி மழை இடித்து, மின்னி, கொட்டிவிட்டு ஓயும். அங்கே இடியும் இல்லை, மின்னலும் இல்லை. எந்தச் சத்தத்தில் தூங்கினேனோ அதே சத்தத்தில் எழுந்தேன். மடிக்கேரியிலிருந்து தலைக்காவிரி போகிற மலைப்பாதையில் முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது. கீழே இறங்கி நின்ற கொஞ்ச நேரத்தில் கணுக்காலில் இரண்டு அட்டை.

பிரம்மகிரி மலையில் சுமார் 1,270 மீட்டர் உயரத்தில் குண்டிகை என்கிற ஒரு சின்ன ஊற்றுத் தொட்டி, அதற்கு முன்னால் ஒரு குளம். அவ்வளவுதான் காவிரி. ஓடுகிற ஆறு என்று அங்கே எதுவும் கிடையாது. ஊற்று மண்ணுக்குள் போய், கீழே எங்கேயோ வெளியே வருகிறதாம். துலா சங்கராந்திக்கு, அக்டோபர் 17 வாக்கில், தீர்த்தம் பொங்குவதைப் பார்க்க ஜனம் கூடுமாம். நான் போன அன்று குடை பிடித்த சிலர் மட்டுமே. 2020 ஆகஸ்டில் இதே மலை சரிந்து தலைமை அர்ச்சகர் உட்பட ஐந்து பேர் மண்ணுக்குள் போனார்கள். அது நினைவுக்கு வந்த பிறகு என்னால் ரொம்ப நேரம் நிற்க முடியவில்லை.

கீழே பாகமண்டலாவில் அதே காவிரி படித்துறையை விழுங்கியிருந்தது. குஷால்நகர் தாண்டினால் ஹாரங்கி சேர்கிறது. ஹேமாவதி வந்து விழுவது கிருஷ்ணராஜசாகரில். அணை நிரம்பி உபரி நீரைத் திறந்துவிட்டிருந்தார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தீவைச் சுற்றி ஆறு மண் நிறத்தில் உறுமிக்கொண்டு போனது. ரங்கனதிட்டில் படகு கிடையாது, பறவையும் கண்ணில் படவில்லை. மரங்களின் கழுத்து வரை தண்ணீர்.

அப்புறம் நடந்ததைத்தான் உன்னிடம் நேரில் சொல்ல ஆசைப்பட்டேன். மைசூர் தாண்டியதும் மழை மெலிந்தது. திருமகூடலு நரசிபுரத்தில் கபினி வந்து சேர்கிற இடத்தில் வெறும் தூறல். கொள்ளேகாலில் வைப்பரை நிறுத்திவிட்டேன். மாதேஸ்வரன் மலையில் ஏறி பாலாறு சோதனைச் சாவடிக்கு இறங்கும்போது ஜன்னலைத் திறந்தால் அனல். தரையில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. ஆனால் ஆறு மட்டும் ஊருக்கு ஊர் பெருத்துக்கொண்டே வருகிறது! நம்ம ஊர் ஆடிப்பெருக்கு நம்ம மழையில் வருவதே இல்லை. நமக்கு மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான். ஆடியில் நாம் கும்பிடுவது குடகிலும் வயநாட்டிலும் பெய்த மழையை. பாடத்தில் படித்ததுதான், தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் என்று பரீட்சையில் எழுதி மார்க் கூட வாங்கினோம். காய்ந்த வானத்துக்குக் கீழே வெள்ளம் போவதைப் பார்த்த பிறகுதான் அது என் உடம்பில் ஏறியது.

ஒகேனக்கல் போகவில்லை. பரிசலுக்கும் குளிக்கவும் தடை. தடை இல்லாவிட்டாலும் நீ இல்லாமல் நான் அங்கே போவதாக இல்லை, காரணம் உனக்கே தெரியும்.

மேட்டூரில் இருந்தது ஜூலை 30, செவ்வாய்க்கிழமை. அன்று அணை 120 அடியைத் தொட்டது. வழக்கமாகத் திறக்கிற ஜூன் 12 வந்தபோது பாதி அளவுகூட இல்லை என்று பாசனத்துக்குத் திறக்காமல் விட்டு, ஜூலை 28-ஆம் தேதிதான் திறந்தார்கள். திறந்த இரண்டே நாளில் நிரம்பியும்விட்டது. 93.47 டிஎம்சி, விளிம்பு வரை. பதினாறு கண் மதகுப் பக்கம் திருவிழாக் கூட்டம். குழந்தைகளைத் தோளில் தூக்கி வைத்துக் காட்டுகிறார்கள், முதியவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது.

ஆனால் அன்று விடியற்காலையில்தான் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போயின. நான் நின்ற இடத்திலேயே ஒருவர் போனில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் வாசு. ஒரே மலை, ஒரே மழை. அந்தப் பக்கம் விழுந்தது சாலியாற்றில் வீடுகளையும் ஆட்களையும் அடித்துக்கொண்டு போனது. இந்தப் பக்கம் விழுந்தது கபினி வழியாக வந்து நம் அணையை நிரப்பியது. அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த மழையை என்ன சொல்லிக் கும்பிடுவது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

பவானி கூடுதுறையில் படித்துறையை அடைத்திருந்தார்கள். கொடுமுடியை நிற்காமல் தாண்டினேன். கரூர் தாண்டி குளித்தலை வழியாகத் திருச்சி வருகிற சாலை இருக்கிறதே, வாழைத்தோப்புகளுக்கு நடுவே ஆறு கூடவே வரும், ஒருநாள் உன்னை அதில் ஓட்டிக்கொண்டு போகணும்.

முக்கொம்பில் நின்றதும் உங்கள் அப்பா நினைவுதான். ஆறு அங்கே இரண்டாகப் பிரிகிறது. கொள்ளிடத்தின் படுகை தாழ்வு, காவிரியின் படுகை மேடு. விட்டால் தண்ணீர் முழுக்கக் கொள்ளிடத்துக்கே ஓடிவிடும் என்றுதான் 1836-இல் ஆர்தர் காட்டன் அங்கே அணை கட்ட ஆரம்பித்தார். வெள்ளம் வந்தால் நேர்மாறு, உபரியைக் கொள்ளிடத்தில் தள்ளியே ஆகணும். கல்லணைக்குக் கீழே காவிரி சில ஆயிரம் கனஅடிக்கு மேல் தாங்காது, கரை உடைந்துவிடும். இதெல்லாம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் மேட்டூரிலிருந்து லட்சம் கனஅடிக்கு மேல் வந்துகொண்டிருந்தபோது திருச்சிப் பாலத்தில் நின்று, கரை தெரியாமல் கொள்ளிடம் கடலுக்கு ஓடுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. குறைசொல்ல யாரும் இல்லாத எரிச்சல் இது.

ஏன் என்றால் ஆடிப் பதினெட்டு அன்று நான் உங்கள் ஊரில் இருந்தேன். உங்கள் வாய்க்காலில் ஈரமே இல்லை. தண்ணீர் மேலே எங்கேயோ வந்துகொண்டிருக்கிறது, கடைமடைக்கு இன்னும் வரவில்லை. பெண்கள் குடத்தில் அடிபம்புத் தண்ணீரை வைத்து மஞ்சள் குங்குமம் இட்டுப் படைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

உன் அப்பா வாய்க்கால் தலைப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். என்ன செய்தார் தெரியுமா? மதகுக் கதவின் திருகு மரையில் இறுகிக் கிடந்த காய்ந்த சேற்றை ஒரு பழைய கத்தியால் சுரண்டிச் சுரண்டி எடுத்துவிட்டு, துணியில் விளக்கெண்ணெய் தொட்டு, ஒவ்வொரு புரியாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். கதவு அவருடையது இல்லை. "தண்ணி வர்ற நேரத்துல இது சுத்தலைன்னா என்னம்மா பண்றது" என்றார். குறுவை இந்த வருஷம் போடவில்லை. போர் தண்ணீர் உப்பு கரிக்கிறது, அதை நம்பி நாற்று விட முடியாது. சம்பாவுக்குப் புழுதி உழவு ஓட்டி வைத்துக் காத்திருக்கிறார்.

எழுந்து நடந்தபோதுதான் பார்த்தேன். இடது காலில் துணிச்சுற்று. வீட்டுக்கு வந்து வற்புறுத்தி அவிழ்க்க வைத்தேன். கட்டைவிரலுக்கு அடியில் புண், ஓரம் கறுத்திருக்கிறது. வலிக்கவே இல்லை என்கிறார். சர்க்கரைக்காரர் வலிக்கவில்லை என்று சொல்வதுதான் எனக்குப் பயம். என் பெரியம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது, அப்புறம் எங்கே போய் முடிந்தது என்று உனக்குத் தெரியும். மயிலாடுதுறைக்கு இப்போதே போகலாம், வண்டி வாசலில் நிற்கிறது என்றேன். "தண்ணி வந்துடட்டும், விதைச்சுட்டுப் போறேன்" என்கிறார். வாசுகிக்குச் சொல்லாதே என்றும் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். சொல்கிறேன். அந்தப் புண் தண்ணீருக்காகக் காத்திருக்காது.

அங்கிருந்து பூம்புகார் வரை போய்விட்டு வந்தேன். அதைப் பற்றி எழுத இன்று மனசில்லை.

உன் அண்ணன் நிலத்தை விற்றுவிடலாம் என்று பேச்செடுத்திருக்கிறானாம். அது நல்லதா கெட்டதா என்று நான் சொல்லப்போவதில்லை, ஆனால் இப்போது அதைப் பேச வேண்டாம் என்று அவனிடம் சொல். நிலம் போய்விடும் என்கிற பயத்தில்தான் மனுஷர் வரப்பை விட்டு நகர மாட்டேன் என்கிறார் என்று எனக்குப் படுகிறது. விதைப்புக்கு ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், நான் இன்னும் பத்துப் பதினைந்து நாள் கும்பகோணத்தில் அத்தை வீட்டில்தான் இருப்பேன். தினம் போய் வாய்க்காலைப் பார்த்து அவருக்குத் தகவல் சொல்வதாகச் சொல்லிவிட்டும் வந்திருக்கிறேன். அதற்கும் பதில் இல்லை. நீ சொன்னால்தான் கேட்பார்.

இங்கே காலை ஆறு மணிக்குப் போன் பண்ணு, உனக்கு முந்தின நாள் இரவு எட்டரை. ஆறரைக்கு மேல் வயலுக்குக் கிளம்பிவிடுவார், அப்புறம் போனை எடுக்க மாட்டார். திட்டாதே, அழவும் செய்யாதே. மங்கை வண்டியோடு வருகிறாள், போய்வாருங்கள் என்று மட்டும் சொல். சரி என்றதும் எனக்கு ஒரு வரி அனுப்பு, எட்டு மணிக்குள் உங்கள் வாசலில் இருப்பேன்.

அன்புடன்,
மங்கை