இரண்டாவது கீப்பருக்கு

அன்புள்ள தம்பி,

கிரிக்கெட் அணியில் உன் பேர் வந்துவிட்டது, ஆனால் ரிசர்வ் விக்கெட் கீப்பராகத்தான் என்று போனில் சொன்னபோது உன் குரல் இறங்கியிருந்தது. "சும்மா உட்காரவா கூட்டிட்டுப் போறாங்க?" என்று அம்மாவும் கேட்கிறாள். இல்லவே இல்லை.

2017 அக்டோபருக்கு முன் மாற்று ஆட்டக்காரர் கீப்பராக நிற்க விதியில் இடமில்லை. 1986இல் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்து கீப்பர் புரூஸ் பிரெஞ்ச் அடிபட்டபோது, ஓய்வு பெற்றிருந்த கீப்பர் பாப் டெய்லர் நின்றது நியூசிலாந்து கேப்டன் சம்மதித்ததால்தான். இப்போது நடுவர் சம்மதம் போதும். 2025இல் அதே லார்ட்ஸில் நம் கீப்பர் ரிஷப் பந்த்துக்கு விரலில் அடிபட, துருவ் ஜுரெல் நின்றார். ஆனால் பேட் செய்தது பந்த்தான். மாற்று ஆள் பேட் பிடிக்கவோ பந்து வீசவோ முடியாது. தலையில் அடிபட்டவருக்குப் பதிலாக, மேட்ச் ரெஃப்ரீ ஒப்புதலோடு இறங்கினால் பேட்டும் செய்யலாம்.

அதனால் தண்ணீர் தூக்கும் நாளிலும் அடிவயிற்றுக் கார்டு போட்டுக்கொள், கால் பேடு கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். காலையில் முதல் கீப்பர் பயிற்சி முடித்ததும் நீயும் முப்பது பந்து பிடி. உடம்பு சூடேறாமல் உள்ளே போகிறவர் பதற்றத்தில் குந்திய நிலையிலிருந்து சீக்கிரம் எழுந்துவிடுவார். தாழ்ந்து வரும் பந்து கிளவுஸுக்கு அடியில் போய்விடும். பந்து எழும்பும்போது நீயும் எழு. விரல் நுனி பந்தைப் பார்த்து நிற்கக் கூடாது; எலும்பு முறிவதெல்லாம் அப்படித்தான்.

நெட் பயிற்சியில் நம் ஸ்பின்னர்கள் ஒருவர் விடாமல் எல்லாருக்கும் நில். உள்ளே போனபின் பந்து வீசுபவரின் கையைப் படிக்க நேரம் இருக்காது. கிளவுஸுக்குள் போடும் இன்னர் கிளவுஸ் மூன்று ஜோடி வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரு மணி நேரத்தில் நனைந்துவிடும். நனைந்தால் உள்ளே கை வழுக்கும்.

பேட்டிங்கை விட்டுவிடாதே. நம்ம தினேஷ் கார்த்திக்கைப் பார். தோனி கீப்பராக இருந்த காலத்தில் 2007இல் இங்கிலாந்தில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி, அந்த டெஸ்ட் தொடரில் இந்தியாவுக்காக அதிக ரன், 263, எடுத்தார். 2010 ஜனவரிக்குப் பிறகு அடுத்த டெஸ்ட் 2018 ஜூனில்தான், அதுவும் அப்போதைய கீப்பர் சாஹாவுக்குக் காயம் என்பதால். அந்த எட்டு வருஷமும் அவர் கை பழக்கம் விடவில்லை, அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

கிளவுஸை வெயிலில் காயப்போடாதே, தோல் விறைத்துவிடும். ஃபேன் காற்று போதும். புது ஜோடி இன்னும் பழகவில்லை, பழையதையும் பையில் வை.

அன்புடன்,
அப்பா