நந்தம்பாக்கத்துத் தோட்டக்கார அண்ணனுக்கு

அண்ணே, வணக்கம்.

போன மாதம் சென்னை டிரேட் சென்டருக்கு வந்தவன், வெயிலுக்கு ஒதுங்கத்தான் உங்கள் போர்க் கல்லறைக்குள் நுழைந்தேன். நீங்கள் குந்தியபடி கல்லோரத்துப் புல்லை வெட்டிக்கொண்டிருந்தீர்கள். "செருப்பைக் கழட்டணுமா?" என்று கேட்டேன். "வேணாம், கல்லு மேல மட்டும் உக்காராதீங்க" என்றீர்கள். நாம் பேசியது அவ்வளவுதான். உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

இருபது வருடமாகப் பூந்தமல்லி சாலையில் போய்வருகிறேன். வெள்ளைக்காரன் சமாதி, நமக்கென்ன என்றே இருந்துவிட்டேன். அன்றைக்குத்தான் கல்லில் 19, 21 என்று வயது கண்ணில் பட்டது. இரண்டாம் உலகப் போரில் இறந்து, இந்தியாவின் தெற்கிலும் கிழக்கிலும் பல ஊர்களில் புதைக்கப்பட்டவர்கள். அங்கெல்லாம் தொடர்ந்து பராமரிக்க முடியாது என்று 1952-இல் இந்த இடத்தை அமைத்து இங்கே கொண்டுவந்திருக்கிறார்கள். 850-க்கும் மேற்பட்டவர்கள். அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே மாதிரிக் கல். உயிரோடு இருந்தபோது ஒரே மெஸ்ஸில் சாப்பிட விட்டிருக்க மாட்டார்கள்!

எங்கள் வீட்டிலும் ஒருவர் உண்டு. தாத்தாவின் தம்பி, வேலூர்ப் பக்கத்திலிருந்து பட்டாளத்துக்குப் போனவர். பர்மாவில் இறந்துவிட்டதாகத் தந்தி வந்ததாம். அதையும் கரையான் தின்றுவிட்டது. உடல் வரவில்லை, தேதி யாருக்கும் நினைவில்லை. திதி தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசைதானே? அன்றைக்குத்தான் அவருக்கு இலை போடுகிறோம். ஆயா இருந்தவரை, வடைக்குப் பக்கத்தில் ஒரு கட்டு பீடியும் வைப்பார்.

உங்களைப் பார்த்துவிட்டு வந்த இரவு, கொஞ்சம் தேடிப் படித்தேன். ரங்கூனுக்கு வடக்கே டாக்கியானில் இதே போல ஒரு போர்க் கல்லறை இருக்கிறது. இதைப் பார்த்துக்கொள்ளும் அதே காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம்தான் அதையும் பார்த்துக்கொள்கிறது. சமாதி எங்கே என்றே தெரியாத சுமார் 27,000 பேரின் பெயர்களை அங்கே கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்கள். இந்தியப் படையில் இருந்தவர்கள் ஏராளம். பட்டியலில் சின்னத் தாத்தாவின் பெயரைத் தேடினேன். கிடைத்தது. ஆனால் அதே பெயரில் நாலு பேர். எவர் நம்மவர் என்று பிடிபடவில்லை. அம்மாவிடம் சொன்னேன். "சரி, இந்த வருஷம் நாலு பேருக்கும் சேர்த்தே போட்டுடலாம்" என்றார்.

அங்கேயும் யாரோ ஒரு பர்மாக்காரர் குந்தி உட்கார்ந்து புல் வெட்டிக்கொண்டிருப்பார். அவருக்கு எழுத எனக்கு பாஷை தெரியாது. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

மகாளய அமாவாசை முடிந்த மறுநாள் வடை எடுத்துக்கொண்டு வருகிறேன், அண்ணே. கல்லு மேல உட்கார மாட்டேன்.