கீழ் வகுப்பு என்று எழுதிய மகளுக்கு

சேன் தெனி, ரீயூனியன் தீவு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். பள்ளி ஆசிரியர்களுக்கான காப்பெஸ் தேர்வில் ஸ்பானியத்துக்குத் தேறி, பாரிஸை ஒட்டிய க்ரெத்தேய் கல்வி வட்டாரத்தில் பணியும் ஏற்ற பிறகு, உனக்குக் கொடுத்தவை எல்லாம் நடுநிலைப் பள்ளியான கொலேஜின் சேன்கியெம் (இரண்டாம் ஆண்டு), கத்ரியெம் (மூன்றாம் ஆண்டு) வகுப்புகளே என்று மனம் வருந்தி எழுதியிருக்கிறாய். "ஓலா (வணக்கம்) சொல்லிக் கொடுப்பதற்கா முதுகலை வரை படித்தேன்?" என்ற வரியை அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். அதற்கான பதிலை நீயே எழுது, எனக்குப் பொறுமை இல்லை என்று சொல்லிவிட்டாள்.

கொலேஜ், தொழிற்கல்வி லிசே (மேல்நிலைப் பள்ளி), பொது லிசே, பல்கலைக்கழகம், வேலைக்குப் போகிறவர்களுக்கான மாலை வகுப்பு, ஓய்வுக்குப் பிறகு இப்போது சங்கத்தில் மூத்தோர் வகுப்பு என்று ஸ்பானியம் நடத்தக்கூடிய இடங்களில் எதையும் நான் விட்டுவைக்கவில்லை. இவற்றை ஏணியின் படிகளாக நினைத்துக்கொண்டு, நீ கடைசிப் படியில் நிற்பதாகக் கருதுகிறாய். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. அதற்குக் காரணம் நான் இந்த மொழியைக் கற்ற விதமாகவும் இருக்கலாம்.

1962-இல் காரைக்காலும் புதுச்சேரியும் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது உன் தாத்தா பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டார் என்பது உனக்குத் தெரியும். அந்த வழியில்தான் நான் தென் பிரான்சிலுள்ள துலூஸுக்குப் படிக்கப் போனேன். 1939-இல் உள்நாட்டுப் போரில் தோற்று, பிரனே மலையைக் கடந்து பிரான்சுக்குள் வந்த ஸ்பானியக் குடியரசுவாதிகளில் பலர் துலூஸிலேயே தங்கிவிட்டிருந்தார்கள். நான் போன காலத்தில் அவர்கள் முதியவர்களாகிவிட்டார்கள்; ஆனாலும் சந்தையிலும் காப்பிக் கடையிலும் தங்கள் மொழியிலேயே சண்டையிட்டுக்கொண்டிருந்தார்கள். வகுப்பில் இலக்கணமும், தெருவில் தச்சர்களும் தையற்காரர்களும் பேசிய மொழியுமாக இரண்டு பள்ளிகளில் ஒரே நேரத்தில் படித்தேன். அவற்றில் எது மேல் வகுப்பு என்று அன்றும் எனக்குத் தெரியவில்லை.

இனி உன் சேன்கியெமுக்கு வருகிறேன். 2016-க்கு முன்பு இரண்டாம் அயல்மொழி கத்ரியெமில்தான் தொடங்கும், வாரத்துக்கு 3 மணி நேரம். இப்போது ஓராண்டு முன்னதாகவே தொடங்குகிறது. ஆனால் வாரத்துக்கு 2½ மணி நேரம்தான். பன்னிரண்டு வயதுப் பிள்ளை இன்னும் வெட்கம் முழுதாக வராத பருவத்தில் உன்னிடம் வருகிறது. கத்ரியெமில் அதே பிள்ளை பக்கத்து மேசையைப் பார்த்துக்கொண்டுதான் வாய் திறக்கும். ஆகையால் நாக்கைத் திருப்ப வேண்டிய வேலையெல்லாம் சேன்கியெமிலேயே நடந்துவிட வேண்டும்.

'பெரோ' என்றால் 'ஆனால்', 'பெர்ரோ' என்றால் 'நாய்'. முதல் சொல்லில் வருவது நம் 'ர'. பாட்டியோடு தமிழ் பேசி வளர்ந்த உனக்கு அது தானாக வந்தது. பிரெஞ்சுப் பிள்ளை அதைத் தொண்டையிலிருந்து எடுக்கும். 'நாக்கை அதிரச் செய்' என்று சொல்லிப் பயனில்லை, ஏனெனில் அதிரச் செய்ய முயன்றால் நாக்கு விறைத்துவிடும். நுனி நாக்கை மேற்பல்லுக்குப் பின்னாலுள்ள மேட்டில் தளர்வாக வைத்து, மூச்சை மட்டும் தள்ளச் சொல்ல வேண்டும். இந்தத் தீவின் சேன் ஆந்திரேயில் ஒரு பையன் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து முடியாது, முடியாது என்றே இருந்தான். ஒருநாள் இடைவேளையில் ஸ்கூட்டர் ஓட்டுவதுபோல் வாயால் ஒலி எழுப்பிக்கொண்டு ஓடினான். அந்த ஒலி அப்படியே 'ர்ர்'. அவனைப் பிடித்து நிறுத்தி, அதே ஒலிக்கு முன்னால் 'பெ'யும் பின்னால் 'ஓ'வும் சேர்க்கச் சொன்னேன். மறுநாள் வகுப்பு முழுவதும் ஸ்கூட்டர் ஓட்டியது. தலைமையாசிரியர் என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

தொழிற்கல்வி லிசேயைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. உணவகத் தொழில் படித்த பிள்ளைகளுக்கு 'தூ' (நீ), 'உஸ்தேத்' (மரியாதைக்குரிய நீங்கள்) வேறுபாட்டை ஒருமுறைகூட விளக்க வேண்டியிருக்கவில்லை. மேசைக்கு வருகிறவரை ஒருமையில் அழைக்கக் கூடாது என்பது அவர்களுக்குத் தொழில் மரியாதையாகவே தெரிந்திருந்தது. பொது லிசேயிலோ பாதி நேரம் பள்ளி இறுதித் தேர்வான பக்கலோரேயாவின் நிழலிலேயே போய்விடும். அங்கு எனக்குக் கிடைத்த நல்ல துணை மெக்சிகோவிலிருந்தும் கொலம்பியாவிலிருந்தும் வந்த இளம் மொழி உதவியாளர்கள்தாம். நான் பாடுபட்டுப் புகட்டிய 'வோசோத்ரோஸ்' (பன்மை 'நீங்கள்') தங்கள் ஊரில் யார் வாயிலும் வராது என்று அவர்கள் சொல்லிவிட, மாணவர்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

பல்கலைக்கழகத்தைப் பற்றித்தான் உனக்குக் கனவு. அங்கே பிரெஞ்சிலிருந்து ஸ்பானியத்துக்குப் பெயர்க்கும் பயிற்சியை நடத்தினேன். ஸ்பானிய இலக்கியப் பொற்காலக் கவிதையின் அணியை நுணுக்கமாகப் பிரித்துக் காட்டத் தெரிந்த மாணவர்கள், 'எனக்குப் பிடிக்கும்' என்பதற்கு 'யோ குஸ்தோ' என்று எழுதினார்கள். 'மே குஸ்தா' என்பது நம் தமிழ்போலவே நான்காம் வேற்றுமையில் நடக்கும் தொடர். பிடிக்கும் பொருள்தான் எழுவாய். பிரெஞ்சின் 'ழேம்' ('நான் விரும்புகிறேன்') என்ற சட்டத்தில் அதை முதல் ஆண்டிலேயே இறுகப் பூட்டிவிட்டால் பின்னால் கழற்றுவது பெரும்பாடு. இருபது வயதில் நான் சிவப்பு மையால் கோடிட்ட பிழைகளில் பெரும்பாலானவை பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஊன்றப்பட்டவை. நாற்றங்காலில் விட்டதை நடவுக்குப் பிறகு தேடிக்கொண்டிருந்தேன். அந்த நாற்றங்கால்தான் இப்போது உன் கையில் இருக்கிறது.

மாறாக, இப்போது என்னிடம் வரும் மூத்தோரைப் பார். இந்தத் தீவின் மஃபாத்திலும் சிலாவோஸிலும் மலையேறிப் பழகியவர்கள். ஸ்பெயினின் யாத்திரைத் தலமான சந்தியாகோ தே கொம்போஸ்தேலாவுக்கு நடந்து போக வேண்டும் என்பதற்காகவே ஸ்பானியம் கற்கிறார்கள். இறந்தகாலம் அவர்களுக்கு அவசரமில்லை. இரவுக்குப் படுக்கை உண்டா, தண்ணீர் எங்கே, எனக்குக் கால் வலிக்கிறது, இவை வேண்டும். 'மே துவேலே எல் பியே' என்பதும் அதே 'மே குஸ்தா' அமைப்புத்தான். வகுப்பிலுள்ள தமிழ் தெரிந்த ஒரு அம்மாள் 'எனக்கு வலிக்கிறது, அவ்வளவுதானே!' என்று உடனே பிடித்துக்கொண்டார். மற்றவர்களுக்கு முழங்காலைத் தடவிக் காட்டி, வலிப்பது கால், வலி வந்து சேர்வது உங்களிடம் என்று நடித்துக் காட்டினேன். உன் சேன்கியெமுக்கும் இந்த வழியே போதும். இலக்கணப் பெயர் எதுவும் அவர்களுக்கு வேண்டாம்.

இன்னொன்று. படித்து முடித்தாயிற்று, இனி சொல்லிக் கொடுப்பது மட்டுமே என்று எண்ணிவிடாதே. நான் பணியில் சேர்ந்தபோது ஸ்பானிய நெடுங்கணக்கில் 'சே' (ch), 'எல்யே' (ll) இரண்டையும் தனி எழுத்துகளாகச் சேர்த்து 29 எழுத்துகள். 1994-இல் அகரவரிசையில் அவற்றின் தனியிடம் போயிற்று. 2010-இல் ஸ்பானிய மொழிக் கழகத்தார் அவற்றை நெடுங்கணக்கிலிருந்தே நீக்கி 27 ஆக்கிவிட்டார்கள். அதே ஆண்டு, 'மட்டும்' என்று பொருள்படும் 'சோலோ'வின் மேல் இடும் குறியும் தேவையில்லை என்றார்கள். என்னைப் போன்ற கிழவர்கள் இன்னும் அந்தக் குறியைப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். 2001-இல் ஐரோப்பிய மொழிச் சட்டகம் வந்த பிறகு ஆ1 (தொடக்க நிலை), பே2 (மேல்நிலை) என்று எல்லாருக்கும் நெற்றியில் ஓர் அட்டை ஒட்டிவிட்டார்கள். அது பயனற்றது என்று சொல்ல மாட்டேன். எதைப் படித்தாய் என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களை, எதைச் செய்ய முடியும் என்று கேட்க வைத்தது. ஆனால் அந்த வரிசையைப் பார்த்துத்தான் ஆ1 நடத்துகிறவர் குறைந்தவர் என்ற எண்ணமும் உன்னைப் போன்ற இளைஞர்களுக்கு வருகிறதோ என்று எனக்கு ஓர் ஐயம்.

காப்பெஸுக்கு மேற்பட்ட ஆசிரியர் தேர்வான அக்ரெகாசியோனை இந்த ஆண்டே எழுதலாமா என்று கேட்டிருந்தாய். எழுத வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. வாரம் 18 மணி நேரத்துக்குப் பதிலாக 15 மணி நேரம் வகுப்பு, சம்பளமும் கூடுதல். இவை சிறிய காரணங்கள் அல்ல. ஆனால் பயிற்சி ஆண்டோடு சேர்த்து அதையும் சுமந்தால் இரண்டும் பாதியாகிவிடும். முதலில் நிரந்தரம் ஆகிவிடு, அடுத்த ஆண்டு வெளித்தேர்வுக்குப் பதிவு செய். பணியிலிருப்போருக்கான உள்தேர்வு வேண்டுமானால் 5 ஆண்டுப் பணி முடிந்திருக்க வேண்டும், அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கொலேஜிலிருந்து தப்பிப்பதற்காக மட்டும் எழுதாதே. அக்ரெழே (அத்தேர்வில் தேறியவர்) ஆனவர்களையும் கொலேஜுக்கு அனுப்புவதுண்டு.

கத்ரியெமுக்கு நீ எழுதியிருக்கும் முதல் பருவப் பாடத்திட்டத்தை எனக்கு அனுப்பு. பென்சிலால் குறித்துத் திருப்பி அனுப்புகிறேன். குளிருக்கு நல்ல காலணி வாங்கிக்கொள் என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா