தொப்பூர் மேட்டில் திணறிய கார்

தருமபுரி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பேத்திக்கு மொட்டை போட்டது, உனக்கு முட்டியில் ஊசி போட்டது எல்லாம் படித்தேன். ஊசி போட்ட காலோடு பழனி படியேறியதை உன் மனைவி எப்படி விட்டார் என்றுதான் புரியவில்லை. இங்கே எல்லோரும் நலம். மாங்காய் இந்த வருஷம் சுமார்தான்.

பதில் தாமதமானதற்குக் கார்தான் காரணம். "கரண்டு வண்டி வாங்காதே, நடுரோட்டில் நிற்பாய்" என்று சொன்னாயே, நின்றேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

சேலத்தில் ஒரு கல்யாணம். திரும்பும்போது வண்டியில் ஐந்து பேர், ஏசி ஓடுகிறது, சார்ஜ் 34 சதவீதம். தொப்பூர் கணவாயில் மேடு ஏற ஆரம்பித்ததும் டேஷ்போர்டில் ஆமைப் படம் எரிந்தது, வண்டி சக்தியைக் குறைத்துக்கொண்டது என்று அர்த்தம். ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வேகம் முப்பதைத் தாண்டவில்லை. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே வருகின்றன. அந்தச் சாலையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓரங்கட்டி, அணைத்து, பத்து நிமிஷம் கழித்துப் போட்டால் ஒன்றுமே நடக்காதது போல் ஓடியது. அடுத்த ஏற்றத்தில் மறுபடியும் ஆமை.

முதலில் நான் செய்தது முட்டாள்தனம். இந்தக் கார்களிலும் நம் காலத்து 12 வோல்ட் பேட்டரி ஒன்று உண்டு. பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கும் கான்டாக்டர் என்ற பெரிய சுவிட்சுகளுக்கும் கம்ப்யூட்டர்களுக்கும் அதுதான் கரண்டு தருகிறது. அது போனால் வண்டியே எழாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, புதிதாக ஒன்று வாங்கி மாட்டினேன். பணம் போனதுதான் மிச்சம். யோசித்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்: அது செத்தால் வண்டி மொத்தமாகப் படுத்துவிடும். என் வண்டி படுக்கவில்லை, திணறியது. இரண்டும் வேறு வேறு நோய்.

சர்வீஸில் விட்டேன். கோளாறு எதுவும் பதிவாகவில்லை என்று கழுவித் துடைத்துக் கொடுத்தார்கள். அவர்கள் ஓட்டிப் பார்த்தது முழு சார்ஜில், பைபாஸின் சமதளத்தில். அங்கே எப்படித் தெரியும்?

கடைசியில் கண்டுபிடித்தவன் காவேரிப்பட்டணத்தில் இருக்கும் என் தங்கை மகன். ஓசூர், போச்சம்பள்ளிப் பக்கமெல்லாம் இப்போது மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலைகள்தானே, அப்படி ஒன்றில் வேலை பார்க்கிறான். ஸ்டியரிங்குக்குக் கீழே, வண்டியின் கோளாறுகளைப் படிக்க வைத்திருக்கும் ஓபிடி சாக்கெட்டில் தீப்பெட்டி அளவு புளூடூத் கருவி ஒன்றைச் செருகினான். பேட்டரிக்குள் இருக்கும் 96 செல்களின் வோல்டேஜும் தனித்தனியாகப் போனில் வந்தது. வண்டி நிற்கும்போது எல்லாம் 3.6 பக்கத்தில் ஒன்றுபோல இருந்தன. "இப்படிப் பார்த்தால் தெரியாது மாமா, சார்ஜைக் குறைத்துக்கொண்டு தொப்பூருக்கே போவோம்" என்றான்.

போனோம். நான் ஓட்ட, அவன் போனைப் பார்த்துக்கொண்டே வந்தான். மேடு ஏறும்போது மற்ற செல்கள் எல்லாம் 3.47-இல் நிற்கின்றன, 61-ஆவது மட்டும் 3.02-க்குச் சரிகிறது. உடனே ஆமை. பேட்டரியைக் காவல் காக்கும் கம்ப்யூட்டர் சராசரியைப் பார்ப்பதில்லை, ஆகக் குறைந்த செல்லைத்தான் பார்க்கிறது. அந்த ஒன்று அடிமட்டத்துக்குப் போய்க் கெட்டுவிடாமல் இருக்க மோட்டாருக்குப் போகும் கரண்டையே குறைத்துவிடுகிறது. சுமை குறைந்ததும் செல் மூச்சு வாங்கிக்கொண்டு எழுந்துவிடும். அதனால்தான் பத்து நிமிஷ ஓய்வில் குணமானது போல் தெரிந்தது. எல்லாம் வரிசையாகக் கோத்தவை, ஒரே கரண்டுதான் எல்லாவற்றின் வழியாகவும் போக வேண்டும். மற்ற 95-இலும் சார்ஜ் இருந்து என்ன பயன். பேட்டரிச் சூட்டையும் பார்த்தான், 36 டிகிரிதான். சூடு காரணமில்லை.

எனக்கு அப்போது நம் பஸ் ஸ்டாண்டு பேட்டரிக் கடைதான் ஞாபகம் வந்தது. லாரிக்காரன் "மீட்டரில் பன்னிரண்டு காட்டுது, ஆனா செல்ஃப் எடுக்கலை" என்று வருவான். முதலாளி மீட்டரைத் தொடவே மாட்டார். இரண்டு முள்ளும் நடுவில் தகடும் வைத்த அந்த டெஸ்டரை ஒவ்வொரு செல்லிலும் அழுத்துவார், தகடு சிவக்கும், கெட்ட செல் கொதித்துக் காட்டிக்கொடுக்கும். நாற்பது வருஷம் கழித்து அதே வேலையை இந்தப் பையன் கையில் கறை படாமல் செய்கிறான்.

அந்தப் பதிவைக் கொண்டுபோய்க் காட்டியதும் சர்வீஸ்காரர்களின் பேச்சு மாறியது. எட்டு வருஷ வாரண்டி இருந்ததால் எனக்குச் செலவில்லை. அந்த செல் இருந்த மாட்யூலை, அதாவது சில செல்கள் சேர்ந்த பெட்டியை மட்டும் கழற்றி, புதியதை மற்றவற்றின் வோல்டேஜுக்குச் சமமாகக் கொண்டுவந்த பிறகே மாட்டினார்கள். பதினொரு நாள் ஆனது. நாமே திறந்திருக்கலாமே என்று நீ கேட்பாய். வேண்டாம் மாப்ளே. உள்ளே 350 வோல்ட் டிசி, பிடித்தால் விடாது. ஆரஞ்சு நிற ஒயரைப் பார்த்தால் கையைப் பின்னால் கட்டிக்கொள். அவர்களே பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை உருவி, கொஞ்ச நேரம் காத்திருந்து, ரப்பர் கையுறையோடுதான் தொடுகிறார்கள்.

போன வாரம் அதே ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு, வேண்டுமென்றே 28 சதவீதத்தில் தொப்பூர் ஏறினேன். ஆமை வரவில்லை. என் மனைவிதான் மேடு முடியும் வரை கைப்பிடியை விடவில்லை.

சரி, ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் வருவதாக எழுதியிருந்தாய். வா, ஆனால் அந்தக் கூட்டத்தில் முட்டியை வைத்துக்கொண்டு படியிறங்காதே. அப்புறம் இன்னொன்று. முதலாளி கடையை மூடும்போது அந்த டெஸ்டரை நீதான் எடுத்துக்கொண்டு போனாய், மறுக்காதே. வரும்போது கொண்டு வா, மருமகனிடம் காட்ட வேண்டும்.

உன்,
பழைய கடைக் கூட்டாளி